மேஸ்திரியை மொழிபெயர்க்க அழைக்காதீர்கள்

அன்புள்ள இளம் தோழிக்கு,

குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு ஆலோசகராகச் சேரப்பணஞ்சேரிப் பக்கம் வேலை தொடங்கியிருக்கிறீர்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய லைன் வீடுகளில் இன்று திருவண்ணாமலைக்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் மட்டும் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளை நம்பி ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அந்தப் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாக்கியம் உங்கள் காதில் விழும்: "அவங்க பழக்கம் அப்படிங்க." வீட்டு உரிமையாளர் சொல்வார், காவலர் சொல்வார், சில நேரம் நம் துறைக்காரர்களே சொல்வார்கள். எனக்கு வழக்கே அந்த வாக்கியத்தோடுதான். வருகிறவரின் பண்பாட்டை அறிந்து உதவ வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றல்ல. கணவன் ஏன் அடிக்கிறான் என்ற கேள்விக்குப் பண்பாடு விடையாகாது. அடிபட்டவள் ஏன் வாய் திறக்கவில்லை, திறந்தால் யாரிடம் திறப்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அது வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம். நாட்டின் சராசரி 29. ஒடிசாவில் ஏறத்தாழ 31, மேற்கு வங்கத்தில் 27. இவற்றில் பீகார்தான் நம்மைவிடச் சற்றுக் கூடுதல், 40. இந்த மாதிரி ஆய்வில் எண்ணப்படுவது பெண்கள் சொன்னதுதான்; சொல்லாமல் விட்டது எந்த மாநிலத்தில் எவ்வளவு என்று யாரும் அளக்க முடியாது. ஆனாலும் ஒடியாப் பெண்ணைப் பார்த்து "உங்க ஊர் வழக்கம்" என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை என்பதற்கு இந்த எண்களே போதும். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் சுமார் 14 சதவீதம்தான். உங்கள் வேலை மீதிப் பேரிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிடையே வேலை செய்தவர்கள், மொழி தெரியாத பெண்ணுக்கு எப்படி உதவுவது என்ற சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. கொன்றுவிடுவதாக மிரட்டும் கணவனிடமிருந்து தப்பி, பதின்வயது மகனோடு வந்த ஒரு லத்தீனப் பெண்ணுக்கு நியூயார்க் காப்பகம் ஒன்று இடம் தர மறுத்தது. காரணம், அவருக்கு ஆங்கிலம் வராது. மகன் மொழிபெயர்ப்பான் என்றபோதும் மறுத்தது. தாய் தன் துயரத்தைப் பிள்ளை வாயால் சொல்ல நேர்வது அவரை மேலும் சிறுமைப்படுத்தும் என்றது. அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. முடிவு என்னவோ அவரைத் தெருவில் நிறுத்தியது. நல்ல எண்ணத்தோடு எழுதிய விதியும் மொழி தெரியாதவளை வெளியே தள்ளிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம் பக்கம் அந்த மகனின் இடத்தில் பெரும்பாலும் மேஸ்திரி வந்து நிற்பார். புகார் வந்ததும் "ஹிந்தி தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா" என்று தேடுவோம். அவர்தான் கைக்கு எட்டும் ஆள். ஆனால் ஆளைக் கூட்டிவந்தவர் அவர். முன்பணம் கொடுத்தவரும், அறைக்குப் பொறுப்பேற்றவரும், பல நேரம் கணவனுக்கு ஊர்க்காரரோ உறவுக்காரரோ ஆனவரும் அவரே. கணவன் சிறைக்குப் போனால் அவருக்கு ஓர் ஆள் குறையும், கடன் நிற்கும். அப்படிப்பட்டவர் வாயால் அவள் சொல்வது எப்படி முழுசாக உங்களிடம் வந்து சேரும்? "சமாதானமாப் போயிட்டாங்க மேடம்" என்று முடிந்த பல கோப்புகளில் சமாதானம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஹிந்தியும் எல்லோருக்கும் பொது என்று எண்ண வேண்டாம். ஜார்கண்டிலிருந்து வருகிறவளுக்குச் சந்தாலி தாய்மொழியாக இருக்கலாம். பீகார்ப் பெண் மைதிலியிலோ போஜ்புரியிலோ அழுகிறவளாக இருக்கலாம். போலீஸ் பயம் வேறு. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, அவை பொய் என்று காவல்துறை சொன்ன பிறகும் அச்சம் உடனே அடங்கவில்லை. புகார் கொடுத்தால் கணவனோடு சேர்த்து லைனில் இருக்கும் தன் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தொல்லை வரும் என்று அவள் நினைப்பதில் வியப்பென்ன? அந்தப் பயத்தைக் கேட்டறிவதும் பண்பாட்டை அறிவதுதான்.

பண்பாடு பண்பாடு என்று போனால் குற்றவாளிக்கு அதுவே கேடயமாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகியிருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், மனைவியைச் சுத்தியலால் அடித்துக் கொன்ற சீனக் குடியேறி ஒருவரின் வழக்கில், மனைவி தவறினால் சீன ஆணுக்கு நேரும் அவமானம் பற்றி மானிடவியலாளர் ஒருவர் சாட்சி சொன்னார். 1989இல் கிடைத்த தண்டனை ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. அங்கே கணவனின் பண்பாட்டைக் கேட்டார்கள், செத்தவளின் பண்பாட்டைக் கேட்க ஆள் இல்லை. ஆகவே அடித்தவனின் செயலை எடைபோடும்போது பண்பாட்டை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். அவளுக்கு உதவி திட்டமிடும்போது உள்ளே அழையுங்கள்.

இன்னொரு யோசனை வரும், கேட்க இரக்கமாகவே இருக்கும்: "டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடலாம்." அவள் கேட்டால் அனுப்புங்கள். கேட்காமல் அனுப்பினால், பல நேரம் அவளை மாமியார் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடுவீர்கள். இங்கே அவளுக்குச் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து நடுவர் மன்றமே வழக்கை விசாரிக்கலாம். வாடகை அறையும் சட்டத்தின் பார்வையில் பகிர்ந்து வாழும் வீடுதான். அதிலிருந்து அவளை வெளியேற்றாமல் தடுக்கவோ, தேவையானால் அதே தரத்தில் வேறு இடத்துக்கு வாடகை கொடுக்கச் சொல்லவோ 19ஆம் பிரிவு இடம் தருகிறது. திருமணச் சான்றிதழ் இல்லை என்பதால் மட்டும் திருப்பி அனுப்ப முடியாது; திருமணம் போன்ற உறவும் சட்டத்துக்குள் வரும்.

கடைசியாகச் செலவுக் கேள்வி. ஒவ்வொரு மொழிக்கும் ஆள் வைக்க முடியுமா என்பார்கள். 1985இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மானவி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது, தெற்காசியப் பெண்களுக்கு அங்கிருந்த பொதுவான உதவி போய்ச் சேரவில்லை என்பதால்தான். அங்கே நம் வீட்டுப் பெண்ணுக்கு அவள் நிலைமை புரிந்த ஒருத்தி வேண்டும் என்றால் நமக்கு நியாயமாகப் படுகிறது. இங்கே ஒடியாப் பெண்ணுக்கு அதே ஏற்பாடு என்றதும் ஆடம்பரமாகத் தோன்றுகிறது. 181 உதவி எண்ணும், சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரும், ஒருங்கிணைந்த சேவை மையமும் ஏற்கெனவே இருக்கின்றன. குறைவது அவற்றுக்கும் லைன் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஆள்.

அந்த ஆட்களை முதலில் தேடுங்கள். ஒடியா, வங்காளம், போஜ்புரி பேசும் பெண்கள் அதே லைன்களில், அதே கம்பெனி பஸ்களில் இருக்கிறார்கள். வேறு ஊர்க்காரியாக, மேஸ்திரிக்குக் கடன்படாதவளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று பழக்குங்கள். தொலைபேசியில் மொழிபெயர்க்கச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவளின் பெயரை மொழிபெயர்ப்பவளிடம் சொல்லாதீர்கள். முக்கியமாக, அவளுக்குக் கூலி கொடுங்கள். ஒரு ஷிப்ட் விட்டு வருகிறவளுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. அதைச் சேவை என்று சொல்லி வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. உங்கள் அடுத்த திட்ட மதிப்பீட்டில் அந்தத் தொகைக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை அடித்துவிட்டால், மறுபடி எழுதுங்கள்.