எறிவதற்கு ஒன்று, போடுவதற்கு ஒன்று

சார்லட், வட கரோலினா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேஸ்கெட்டில் போடுகிற உன் டிஸ்க் கோல்ஃப் பட்டரின் விளிம்பு சுற்றிலும் சிராய்த்துப் போயிருக்கிறது, ஓரிடத்தில் பிளாஸ்டிக் பிசிறாக எழுந்து நிற்கிறது. ஹட்சன் மில்ஸ் மைதானத்து மரங்கள் செய்த வேலை என்கிறாய். மரங்கள் பாவம், அவை நின்ற இடத்தில்தான் நிற்கின்றன.

முதல் வீச்சுக்கு நிற்கிற டீயிலிருந்து எறிவதற்கு நாள்பட உழைக்கிற பட்டர் எது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால், முழங்கை எப்படி இருக்கிறது? உன் அம்மா போனில் சொன்னார்கள். லேசாகத்தான் வலிக்கிறது என்றாயாம். உன் தாத்தாவும் கடைசிவரை லேசான வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். சரி, அதைப் பிறகு பேசுவோம்.

முதலில் உன்னைப் பாராட்ட வேண்டும். தூரத்துக்கு எறிகிற டிரைவரைக் கீழே வைத்துவிட்டு டீயில் பட்டரை எடுக்க ஆரம்பித்திருக்கிறாயே, அது நல்ல புத்தி. போன வருஷம் நீ வந்தபோது உன் பையைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் சித்தி கண்ணாலேயே அடக்கிவிட்டாள். பை நிறைய டெஸ்ட்ராயர் டிரைவரும் அதன் அண்ணன் தம்பிகளும். வேகம் 12, 13 என்று எண் போட்ட தட்டுகள். அந்த எண்ணுக்குத் தகுந்த கைவேகம் இருப்பவனுக்குத்தான் அவை நேராகப் பறக்கும். இல்லாதவன் என்ன செய்கிறான்? தோளிலும் முழங்கையிலும் பலத்தைக் கொட்டி இழுக்கிறான். தட்டு அப்போதும் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. மறுபடி இன்னும் பலமாக இழுக்கிறான். உன் வலி அங்கே பிறந்தது என்பது என் கணிப்பு. நான் டாக்டர் இல்லை, ஆனால் இந்த விளையாட்டில் நிறைய முழங்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

பட்டர் அப்படியில்லை. மழுங்கிய விளிம்பு, மெதுவான தட்டு. கை ஆடினால் அதுவும் காற்றில் ஆடி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். 250 அடி குழிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? விழுந்த இடத்திலேயே நின்றும் விடும். டிரைவர் மாதிரி தரையில் வழுக்கிக்கொண்டு புதருக்குள் போகாது. இங்கே ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழகத்தில் 1999-ல் அமெரிக்க சாம்பியன்ஷிப் போட்டியைத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்து பக்கம்தான் என்பதால் போய்ப் பார்ப்பேன். கயிறு கட்டி எல்லை வைத்த குழிகளில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் டீயில் எதை எடுக்கிறார்கள் என்று கவனி. நம்மால் டிரைவரில் எட்ட முடியாத தூரத்தை அவர்கள் பட்டரில் எட்டுகிறார்கள்.

இது புதிய வித்தையும் இல்லை. எட் ஹெட்ரிக் 1975-ல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் இந்த விளையாட்டின் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது கூர்விளிம்பு டிரைவர் என்று ஒன்றே கிடையாது. 1983-ல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சாய்த்து ஈகிள் என்ற தட்டைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வேகப் பைத்தியமெல்லாம். அதுவரை மழுங்கல் தட்டை வைத்துத்தான் எல்லோரும் ஆடினார்கள். (ஹெட்ரிக் 2002-ல் இறந்த பிறகு அவருடைய சாம்பலையும் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இதை உன் சித்தியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது இன்னோவாவின் டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில் வந்த ஏவியார் பட்டர். விலை குறைவு, 10 டாலருக்குப் பக்கம். கைக்கு மெத்தென்று இருக்கும், சங்கிலியில் பட்டால் நழுவாமல் தங்கும். பேஸ்கெட்டில் போடுவதற்கு என்றே வந்த குணம் அது. அதையே டீயிலிருந்து வீசி ஓக் மரத்தில் மோதவிட்டால் விளிம்பு நசுங்கத்தான் செய்யும். விளிம்பு நசுங்கிய தட்டு புதிதில் பறந்த மாதிரி பறக்காது. நேராகப் போனது கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். நீ உன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து வீச்சை மாற்றுவாய். டீயில் போனது போகட்டும் என்றாலும் அதே தட்டைத்தானே கடைசியில் 20 அடியிலிருந்து பேஸ்கெட்டுக்குள் போடுகிறாய்? அங்கேயும் கைக்குப் பழகிய பிடி போய்விடுகிறது. ஒரே தட்டு, இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதைச் சொல்லும்போது எனக்கு உன் அப்பா ஞாபகம் வருவதை என்னால் தடுக்க முடியவில்லை. திருச்சியில் என்னிடம் இருந்த வில்லோ பேட்டைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருக்க மாட்டார். லின்சீட் ஆயில் தடவி, பழைய பந்தால் வாரக்கணக்கில் தட்டித் தட்டிப் பதப்படுத்தி வைத்திருந்தேன். வலைப்பயிற்சிக்குத் தனியாக ஒரு பழைய பேட். வில்லோ மேட்ச்சுக்கு மட்டும். உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு போய், ஈரத்தரையில், கார்க் பந்துக்கு ஆடிவிட்டு வந்தார். பக்கவாட்டில் பிளந்துவிட்டது. டேப் சுற்றி, சுவரோடு சாய்த்து, பிளந்த பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார். நான் மேட்ச் அன்றுதான் பார்த்தேன். அந்த சீசன் முழுக்க அடுத்தவன் பேட்டில் ஆடினேன். அது என் கைக்குப் பொருந்தவே இல்லை, ஒரு மேட்ச்சிலும் உருப்படியாக ரன் வரவில்லை. கேட்டால் இன்றைக்கும், "அதில் ஏற்கெனவே விரிசல் இருந்ததுடா" என்பார். இருக்கவில்லை. அவரிடமே கேட்டுப் பார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழிக்காகச் சொல்லவில்லை. ஒரு பொருளை எதற்கென்று வைத்திருக்கிறோமோ அதற்கு மட்டும் எடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் குணம் உன் அப்பாவுக்கு வரவில்லை. உனக்கு வரும் என்று நம்புகிறேன்.

ஆகவே டிஎக்ஸ் ஏவியாரைப் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள். எறிவதற்கு அதே ஏவியாரை உயர்ந்த பிளாஸ்டிக்கில் வாங்கு. இன்னோவாவில் சாம்பியன், ஸ்டார் என்று இரண்டு வகை உண்டு. 18, 20 டாலர் ஆகும். இரட்டை விலைதான். ஆனால் டிஎக்ஸ் ஒரு சீசன் மரத்தில் அடிபட்டால் ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது, அவை வருஷக்கணக்கில் தாங்கும். வாங்கும்போது மலிவாகத் தெரிவதுதான் கடைசியில் அதிகம் செலவு வைக்கும் என்று உன் அப்பாவுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

சாம்பியன் கண்ணாடி மாதிரி இருக்கும், கெட்டி, எதற்கும் அசையாது. ஆனால் மிச்சிகன் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது வழுக்கும். ஸ்டார் கொஞ்சம் மெத்தென்று பிடிமானம் கொடுக்கும், அதுவும் அடி தாங்கும். உன் ஊருக்கு ஸ்டார் என்று நினைக்கிறேன். உள்ளூர்ச் சரக்குதான் வேண்டும் என்றால் விக்ஸமில் டிஸ்கிராஃப்ட் இருக்கிறது, அவர்களுடைய இசட், ஈஎஸ்பி இரண்டும் இதே ஜாதி. மார்லெட்டில் தயாராகும் ஆக்சியம் என்வியையும் நியூட்ரான் பிளாஸ்டிக்கில் பார்க்கலாம். விளிம்புக்கு ஒரு பிளாஸ்டிக், நடுவுக்கு ஒரு பிளாஸ்டிக் என்று வார்த்திருப்பார்கள், பார்க்கவும் அழகு.

எதுவானாலும் கடையில் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதே. அடிவிளிம்பில் சிறு வளையம் இருக்கிறதா என்று தடவிப் பார். சாதாரண ஏவியாரில் அது கிடையாது, ஆட்டக்காரர் கென் கிளைமோ பெயரில் வரும் கேசி ஏவியாரில் உண்டு. போடும்போது சிலருக்கு அது நல்ல பிடி, வேகமாக எறியும்போது சிலருக்கு விரலில் தட்டும். போடுகிற தட்டும் எறிகிற தட்டும் இந்த விஷயத்தில் ஒன்றாக இருக்கட்டும். எடை 173-லிருந்து 175 கிராமுக்குள். அதற்கு மேல் தேடாதே, விட்டத்தில் சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் விதி. புதிது முதலில் உன் பழையதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம் சாயும், பயப்படாதே. வெள்ளையும் பச்சையும் வேண்டாம். பனியில் ஒன்று தொலையும், புல்லில் மற்றது.

உன் சிநேகிதர்கள் எல்லோரும் டிஸ்கிராஃப்டின் ஸோன் எறிகிறார்கள், அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கலாம், உன் இஷ்டம். எதிர்க்காற்றில் அதற்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசி. அதன் எண் 4, 3, 0, 3. ஏவியார் 2, 3, 0, 1. கடைசி எண், அதாவது முடிவில் இடப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது, அதுதான் முக்கியம். ஸோன் எப்படி எறிந்தாலும் முடிவில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். உன் வீச்சு சரியா தப்பா என்று உனக்கே தெரியாது. தப்பு தெரியாத ஆட்டத்தில் என்ன கற்றுக்கொள்வாய்? அதைவிட முக்கியமாக, கையில் ஸோன் வந்தால் எல்லோரும் ஃபோர்ஹேண்டில் வீச ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முழங்கையோடு ஃபோர்ஹேண்டா? வாங்குவதென்றால் அடுத்த வருஷம் வாங்கு. நானே வாங்கித் தருகிறேன்.

நிறையப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்கிற ஒரே ஆள் நீதான். மற்றவர்கள் இன்னமும் நான் பூங்காவில் குழந்தைகளோடு தட்டு வீசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் கை நல்ல கை, சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். நீ எதை வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஸோன் வாங்கினாலும். உன் அப்பாவிடம் பேட் விஷயத்தைக் கேட்க வேண்டாம், பாவம், அவருக்கு வயசாகிவிட்டது. நன்றிநாள் விடுமுறைக்கு இங்கே வந்துவிடு. ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவுக்குப் போகலாம், நீ ஜெயித்தால் பிரியாணி என் செலவு, தோற்றாலும் என் செலவு. சித்தி முறுக்கும் பருப்புப்பொடியும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். அதற்குள் ஒரு ஸ்டார் ஏவியாரும் இருக்கிறது, ஆரஞ்சு நிறம், 175 கிராம். பின்பக்கம் உன் போன் நம்பரை எழுதிக்கொள்.

ஆனால் டாக்டரிடம் முழங்கையைக் காட்டிவிட்டுத்தான் அதை எடுத்து வீச வேண்டும். இந்த வாரமே போ. போய்விட்டு வந்ததும் எனக்குப் போன் செய். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டால் எனக்குச் சொன்ன மாதிரி ஆகாது.

அன்புடன்,
சித்தப்பா