நோய் தணிந்தபின் வீடும் வேலையும்

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரை அடுத்துத் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. இரயில் நிலையமும் கடைத்தெருவும் உள்ள ஊர். 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்குகிறது. ‘பஹாகியா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு இன்பம் என்பது பொருள். எனினும், நம் தோட்டங்களில் ஒருவரை இழித்துப் பேச வேண்டுமாயின் அந்த ஊரின் பெயரையே எடுத்து வீசுகின்றனர். “அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்பது பெரட்டுக் களத்தில் சிரிப்பை எழுப்பும் பேச்சாக நெடுநாள் இருந்து வந்துள்ளது.

அச்சிரிப்பின் பின்னே ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. அங்கே போனவர் திரும்பி வரமாட்டார் என்பதே அது. ஒரு காலத்தில் அஃது உண்மைக்கு அருகில் இருந்த கருத்துத்தான். மனநோய்க்குத் தக்க மருந்து இல்லாத நாளில், மருத்துவமனைக்குச் சென்றோர் பலர் அங்கேயே மூப்படைந்தனர். 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அதன் பின்னர் நிலைமை மாறிற்று. இன்று கடுமையான மனச்சிதைவு நோய் கண்டவரும் பெரும்பாலும் சில வாரச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புகின்றார். பலர் பொது மருத்துவமனைகளிலேயே சிகிச்சை பெறுகின்றனர். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே நலமடைவோரும் உளர்.

ஆகவே இன்றைய கேள்வி, அவர் திரும்பி வருவாரா என்பதன்று. திரும்பி வருகின்றவர் எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார் என்பதே கேள்வி. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

மனச்சிதைவு நோய் எத்தகையது என்பதை முதலில் சுருக்கமாக அறிந்துகொள்வோம். பிறர்க்குக் கேளாத குரல் நோயாளிக்குக் கேட்கும். யாரோ தம்மைத் தொடர்கின்றனர், தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்னும் எண்ணம் வேரூன்றும். பேச்சு தொடர்பற்றுப் போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ, அதாவது ஒருவர் தொழில் பழகிக் குடும்பம் அமைக்க முற்படும் பருவத்திலேயே இது தலைகாட்டுகிறது. பேய் பிடித்தது என்றும் செய்வினை என்றும் எண்ணிக் கோயிலுக்கும் பூசாரியிடமும் அழைத்துச் செல்வோர் இன்றும் உளர். வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கும் நாள் தள்ளிப் போகப் போக நோய் தணிவதும் கடினமாகிறது. வழிபாட்டையும் மருந்தையும் ஒரே வாரத்தில் தொடங்கலாமே!

வீடு வேலையோடு போகும் இடத்தில்

நகரத்தில் வாழும் ஒருவர் வேலை இழந்தால் சம்பளத்தை இழக்கிறார். தோட்டத்தில் வாழ்பவர் வேலை இழந்தால் கூரையையும் இழக்க நேரிடும். லயத்து வீடு தோட்டத்தின் உடைமை. தொழிலாளிக்கு அது வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின்வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வரையறுத்தன. அவற்றால் நீரும் விளக்கும் நல்ல வீடும் கிடைத்தன என்பது உண்மை. எனினும், வேலையைவிட்டு நீங்கியவருக்கு அவ்வீடு உரியதன்று. நோய் கண்டு மூன்று மாதம் வேலைக்கு வராத இளைஞர், குடும்பத்தில் வேறு ஒருவர் பெயரில் வீடு இருந்தாலன்றி, எங்கே போவார்? உறவினர் வீட்டுத் திண்ணைக்குப் போவார். பின்னர் மற்றோர் உறவினர் வீடு. அதன் பின்னர் பட்டணத்துக் கடைத்தெருவின் ஐந்தடி. மருந்து எந்த வீட்டில் மறந்து கிடக்கிறது என்பதையும் யாரும் அறியார். மருந்து நின்றுவிட்டால் நோய் திரும்புவது பெரும்பாலோர்க்கு உறுதி.

வெறும் கூரை மட்டும் போதுமா என்றால், போதாது. 1950களில் இலண்டன் நகரில் ஜார்ஜ் பிரவுன் என்னும் ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து வெளியேறியோர் மீண்டும் நோயுறுவது ஏன் என்று ஆராயத் தொடங்கினார். அவரும் அவருக்குப் பின்வந்தோரும் கண்ட முடிவு வியப்பளிப்பது. ஓயாது குறை கூறும் வீட்டிற்கும், வெறுப்புக் காட்டும் வீட்டிற்கும், அன்பின் மிகுதியால் நோயாளியை ஒரு கணமும் தனியே விடாத வீட்டிற்கும் திரும்பியோர், அமைதியான வீட்டிற்குச் சென்றோரைவிட இரு மடங்குக்கும் மேலாக மீண்டும் நோயுற்றனர். ‘அன்பின் மிகுதி’ என்பதைக் கவனிக்க வேண்டும். மகன் கழுவிய தட்டை மறுமுறை கழுவும் தாயும், அவன் வாசல் தாண்டும்போதெல்லாம் பின்னாலேயே செல்லும் தந்தையும் நல்லெண்ணத்தோடுதான் அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் நோயிலிருந்து மீள்பவருக்குச் சிறிது இடைவெளி வேண்டியிருக்கிறது. இரண்டு அறைகளுள்ள லயத்து வீட்டில் ஏழு பேர் வாழும்போது அந்த இடைவெளிக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகலில் சில மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் அந்த இடைவெளி தானே கிடைக்கும்.

கேல் என்னும் ஊர்

பெல்ஜியம் நாட்டில் கேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. மனநோயாளரின் காவலராகக் கருதப்படும் டிம்ப்னா என்னும் புனிதவதியின் ஆலயம் அங்குள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், நோயாளிகளை அழைத்துக்கொண்டு யாத்திரிகர்கள் அவ்வூருக்கு வந்தனர். ஆலயத்தில் இடம் போதாமற்போகவே ஊர் மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். பலர் திரும்பிச் செல்லாமல் அங்கேயே தங்கிவிட்டனர். இவ்வழக்கம் வேரூன்றி, 1930களில் 3,000க்கும் மேற்பட்ட மனநோயாளிகள் அவ்வூர்க் குடும்பங்களோடு வாழ்ந்தனர். எண்ணிக்கை இன்று மிகவும் குறைந்துவிட்டபோதிலும் வழக்கம் நின்றுவிடவில்லை.

அவ்வூரார் பெரும்பாலும் உழவர்கள். வந்து தங்கியோரும் மாட்டுக்குத் தீனி வைத்தனர், உருளைக்கிழங்கு தோண்டினர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். அவர்களை ஊரார் ‘நோயாளி’ என்று அழைப்பதில்லை. ‘வீட்டில் தங்கியிருப்பவர்’ என்னும் பொருளுடைய சொல்லாலேயே அழைக்கின்றனர். நோயின் பெயரைக் குடும்பத்தாரிடம் சொல்லாதிருப்பதும் அங்கே நெடுநாள் வழக்கம். எவர் எதை விரும்புகிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும் என்பது அவர்கள் துணிபு. ஒன்றை மறந்துவிடலாகாது: அக்குடும்பங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது, தாதியர் வந்து பார்க்கின்றனர், நிலைமை மோசமானால் சேர்த்துக்கொள்ள ஊரிலேயே மருத்துவமனை உண்டு. வெறும் இரக்கத்தால் மட்டும் ஓர் ஊர் இத்தனை நூற்றாண்டுகள் தாங்கியிராது.

சென்னையில் 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பேனியன் என்னும் அமைப்பு, வீடற்று வீதியில் திரிந்த மனநோயுற்ற பெண்களைப் பேணி வருகிறது. உறவினரிடம் திரும்பிச் செல்ல வழியில்லாமல் விடுதியிலேயே பல்லாண்டு தங்கிவிட்ட பெண்களுக்காக, 2015ஆம் ஆண்டு முதல் அவ்வமைப்பு வேறொரு முயற்சியை மேற்கொண்டது. சாதாரணத் தெருக்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேரை ஒன்றாகக் குடியமர்த்திற்று. சமைப்பதும் கடைக்குப் போவதும் அண்டை வீட்டாரோடு பேசுவதும் அவர்களுடைய பொறுப்பு. துணைக்கு ஓர் உதவியாளர் இருப்பார். பல ஆண்டுகள் மணியடித்தால் உண்டு மணியடித்தால் உறங்கிய ஒருவர், இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று தாமே முடிவு செய்வதைச் சிறிய செயலென எண்ண வேண்டா.

வேலை: முதலிலா, இறுதியிலா?

மனநோயிலிருந்து மீண்டவருக்கு வேலை கொடுப்பதில் பழைய முறை ஒன்று உண்டு. முதலில் தொழிற்கூடத்தில் உறை ஒட்டவோ கூடை பின்னவோ விடுவர். பழகியபின் பயிற்சி. பயிற்சிக்குப் பின் தேர்ச்சி. அதற்கும் பின்னரே வெளி வேலை. இந்தப் படிக்கட்டின் முதற்படியிலேயே பலர் ஆயுளைக் கழித்துவிட்டனர். உறை ஒட்டுபவர் உறை ஒட்டுவதில்தான் தேர்ச்சி பெறுவார். பால் வெட்டுவதில் எவ்வாறு தேர்ச்சி பெற இயலும்?

1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்னும் இருவர் அப்படிக்கட்டைத் தலைகீழாக்கினர். வேலை செய்ய விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னாலே போதும். அவர் விரும்பும் உண்மையான வேலையை, மற்றவர் பெறும் அதே சம்பளத்திற்கு, உடனே தேடித் தர வேண்டும். வேலை கிடைத்தபின் துணையாளர் ஒருவர் தேவைப்படும் காலம்வரை உடனிருந்து உதவ வேண்டும். அத்துணையாளர் மருத்துவக் குழுவோடு சேர்ந்தே இயங்க வேண்டும். இதுவே அவர்கள் முறை. ஐரோப்பாவில் ஆறு நகரங்களில் 312 பேரைக் கொண்டு இது சோதிக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. புதிய முறையில் 100க்கு 55 பேர் வேலை பெற்றனர். பழைய முறையில் 28 பேரே பெற்றனர். வேலையின் சுமையால் நோய் முற்றிவிடும் என்று அஞ்சியோரும் உண்டு. ஆனால் அச்சோதனையில், வேலை தேடித் தரும் புதிய முறையில் சேர்ந்தோர் மற்றவரைக் காட்டிலும் குறைவாகவே மருத்துவமனைக்குத் திரும்பினர்.

ஜப்பானின் வடகோடியில் உள்ள உராகாவா என்னும் மீனவர் ஊரில், மனநோயிலிருந்து மீண்டவர்கள் 1984ஆம் ஆண்டில் ‘பெத்தேல் இல்லம்’ என்பதை அமைத்தனர். அவ்வூர்க் கடலில் கொம்பு என்னும் கடற்பாசி கிடைக்கும். அதைப் பொட்டலமிட்டு விற்பதையே தொழிலாகக் கொண்டனர். அவர்களுடைய கொள்கைகளுள் ஒன்று நமக்குச் சிரிப்பூட்டும்: அச்சமின்றி ஓய்வெடுத்துக்கொள்ளக்கூடிய வேலையிடமாக அது இருத்தல் வேண்டும் என்பது. ஒருவரால் இன்று இயலவில்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். அவர் பங்கை மற்றவர் பார்த்துக்கொள்வர். பொய்க் காரணம் சொல்லி மறைந்து திரிவதைவிட இது எவ்வளவோ மேல் அன்றோ?

நம் தோட்டத்திற்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பால் வெட்டு விடியற்காலையில் தொடங்குவது. இரவில் உண்ணும் மருந்து சிலருக்கு விடிந்தபின்னும் உறக்கத்தைத் தரும். எழ இயலாதவரைச் சோம்பேறி என்று மண்டோர் பெயர் குறித்துவிடுகிறார். மருந்து உண்ணும் நேரத்தைச் சிறிது முன்தள்ள இயலுமா என்று மருத்துவரைக் கேட்டால் இச்சிக்கல் தீரக்கூடும். சில மருந்துகளால் கை நடுங்கும். நடுங்கும் கையில் பால்வெட்டுக் கத்தி ஆழமாக இறங்கினால் பட்டைக்குள் மரம் காயப்படும். ஆண்டுக்கணக்கில் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. நடுக்கத்திற்கு மாற்று மருந்து உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை; மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். மருந்தை நிறுத்துவது மரத்தைக் காக்கும், மனிதரைக் காவாது. இன்னும் சில மருந்துகள் வெயிலைத் தாங்கும் ஆற்றலைக் குறைப்பன. செம்பனைக் காட்டில் வேலை செய்வோர்க்கு இது முக்கியம். நீர்ப் புட்டியும் நிழலில் ஓய்வும் வேண்டும்.

முழு நிரையையும் முதல் நாளே ஒப்படைக்க வேண்டிய கட்டாயமில்லை. அரை நிரையில் தொடங்கலாம். ஒட்டுப்பால் சேகரித்தல், நாற்றுப் பண்ணை, ஸ்டோரில் மங்கு கழுவுதல் ஆகியவற்றில் சில வாரம் பழகலாம். ஆனால் அவர் ஏற்கெனவே நல்ல பால்வெட்டுத் தொழிலாளியாயின், ஆண்டுக்கணக்கில் மங்கு கழுவவைப்பது அந்தப் பழைய உறை ஒட்டும் கதையேயாகும். பக்கத்து நிரையில் வெட்டும் மூத்த தொழிலாளி ஒருவர் இரண்டு வாரம் கண்பார்வையில் வைத்துக்கொண்டால், பட்டணத்துத் துணையாளர் செய்யும் பணியை அவரே செய்தவராவார். அண்ணன் என்றோ மாமா என்றோ அழைக்கும் உறவு அங்கே முன்னமே இருக்கிறது.

அரசாங்கத்தின் உதவிகள் எவை? 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல நிலையங்களுக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. சுகாதார அமைச்சு நடத்தும் அத்தகைய நிலையங்களுக்கு மெந்தாரி என்று பெயர். மலாயில் கதிரவன் என்பது பொருள். மேலே கூறிய துணையோடு கூடிய வேலை முறை அங்கே நடைபெறுகிறது. 2008ஆம் ஆண்டு உடற்குறையுற்றோர் சட்டம், நெடுநாள் மனநலக் குறையுற்றோரையும் உள்ளடக்குவது. மனநல மருத்துவரின் சான்றோடு சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டு ஓ.கே.யூ. அட்டை பெறலாம். பதிவு கட்டாயமன்று. அட்டையால் பெயர் கெடும் என்று தயங்குவோரின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்தல் நலம். சொக்சோ சந்தாதாரர்களுக்கு 2007ஆம் ஆண்டு முதல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று உண்டு. வேலையே செய்ய இயலாத நிலையை மருத்துவக் குழு உறுதி செய்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயலாமை ஓய்வூதியமும் கிடைக்கும்.

தங்கும் வீடுகளைப் பொறுத்தமட்டில் இவ்வளவு சொல்வதற்கில்லை. அரசு சாரா இயக்கங்கள் நடத்தும் இல்லங்கள் பெரும்பாலும் பட்டணங்களைச் சார்ந்தே உள்ளன. ஆதலின் தோட்டத்தைச் சேர்ந்தவருக்கு லயத்து வீடு கைநழுவாமல் இருப்பதே முதற்காரியம். நோய் கண்டவர் மருத்துவமனையில் இருக்கும்போதே, அவர் எப்பொழுது திரும்புவார், எந்த வேலை செய்யக்கூடும் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, தொழிற்சங்கத் தலைவரையும் அழைத்துக்கொண்டு, குடும்பத்தார் நிர்வாகியைக் காண வேண்டும். மருத்துவ விடுப்புச் சான்றுகளை ஒன்றுவிடாமல் கிராணியிடம் கொடுத்துப் படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு வராதவர் என்று பெயர் நீக்கப்பட்ட பின்னர் போய் நிற்பதற்கும், அதற்கு முன்னரே போய் நிற்பதற்கும் வேறுபாடு மிகுதி. பேச்சில் முடியாவிட்டால், மாவட்டத் தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் அதே கடிதங்களோடு ஆலோசனை கேட்கலாம்.