அழித்தால் மட்டும் போதாது

அன்புள்ள வாசகருக்கு,

காலையில் உட்கார்ந்து குப்பை மெயில்களை அழிக்கிறேன், சாயங்காலத்துக்குள் அதே கூட்டம் திரும்பி வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வரத்தான் செய்யும். நீங்கள் அழிப்பது அனுப்புகிறவனுக்குத் தெரியப்போவதில்லை.

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. 1978-இல் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். நன்றாகத் திட்டு வாங்கினார். ஆனால் வியாபாரம் ஜோராக நடந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அப்புறம் எப்படி நிற்கும்?

வருவதை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, நாமே வரவழைத்துக்கொண்டது. துணிக்கடையில் பில் போடும்போது கேட்டார்கள், முகவரியைச் சொன்னோம். இந்த ரகத்துக்கு ‘அன்சப்ஸ்கிரைப்’ போதும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிற நிறுவனங்கள், விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி கொண்டுவந்தது. அதனால் இப்போது பெரும்பாலும் வேலை செய்கிறது.

இன்னொன்று, யாரென்றே தெரியாதவர்கள் அனுப்புவது. அதில் ‘அன்சப்ஸ்கிரைப்’ பக்கமே போகாதீர்கள். அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே தகவல் கொடுத்த மாதிரி. ஜிமெயிலில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ கொடுங்கள். அடுத்த முறை அதைப் போன்றதைப் பிடிக்க ஜிமெயிலுக்கு அதுதான் பாடம். ஸ்பேம் பெட்டியில் விழுந்தவை 30 நாளில் தானே அழிந்துவிடும். நடுவே ஒருமுறை எட்டிப் பாருங்கள், நல்ல கடிதமும் சில சமயம் அங்கே மாட்டிக்கொள்ளும்.

வருமான வரி ரீஃபண்ட் வந்திருக்கிறது என்று ஒரு மெயில் வருகிறது, வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெயர் துறையின் பெயராகவே இருக்கும். பெயரை யாரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் அனுப்பிய முகவரி விரியும். பாதி மோசடி அங்கேயே பல்லிளிக்கும். முகவரி சரியாகத் தெரிந்தாலும் லிங்க்கைத் தொட வேண்டாம். வரித் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். வங்கி விஷயத்திலும் இதே கதைதான். ரிசர்வ் வங்கி சொன்னதன் பேரில் நம் வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது ‘பேங்க் டாட் இன்’ என்று முடிகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 1909 எண்ணில் பதிவு செய்தால் மெயிலும் நிற்குமா என்று கேட்டீர்கள். நிற்காது. அது போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும்தான்.

ஒருவேளை ஏமாந்து பணம் போய்விட்டால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கிக்கொண்டிருக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்