கொட்டிலில் கிடக்கும் ஜெனரேற்றர்

கேள்வி: இரண்டு வருடமாகக் கொட்டிலில் கிடக்கும் பெற்றோல் ஜெனரேற்றர் எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகுதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்ட்ரெதம்

பதில்: பழைய பெற்றோல்தான் காரணமாக இருக்கும். 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே பிரித்தானியாவில் சாதாரண பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். காபுரேற்றரின் நுண்துளையும் பிசின் பிடித்து அடைபட்டிருக்கும். தாங்கியை வடித்து, காபுரேற்றரைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கையும் ஒயிலையும் மாற்றுங்கள். பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய எங்கள் ஆட்களுக்கு இது பெரிய வேலையல்ல. பிறகு மாதம் ஒருமுறை சுமை கொடுத்து ஓட்டுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டுக்குள்ளோ, கதவு திறந்த கராஜிலோகூட ஓட்டாதீர்கள். புகையில் வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கவும் வேண்டாம். அது வீதி மின்வடத்துக்குத் திரும்பிப் பாய்ந்து, திருத்த வந்தவரைக் கொல்லக்கூடும். கரண்ட் போனால் 105க்கு அழையுங்கள், இலவசம்.