போக வழியுண்டெனில் இருப்பார்கள்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், தங்கும் விடுதி ஒன்றின் நிர்வாகப் பொறுப்பை நெடுங்காலம் வகித்த அனுபவத்தில், நினைத்தபோது ஊருக்குப் போய்வர முடியும் என்ற நிச்சயம் உடைய சிப்பந்தியே இங்கு மனமொன்றி வேலை செய்வான் என்பதைக் கண்டுகொண்டேன்.

இந்த அந்தமான் தீவுகளில் உல்லாசப் பிரயாணிகள் திரளும் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. துர்க்கா பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் யாவும் அதையொட்டியே வருவதால், விடுதிக்கு ஆள் வேண்டிய நாளும் ஆளுக்கு வீடு வேண்டிய நாளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் தமிழரும் வங்காளிகளும் தெலுங்கரும் ராஞ்சிக்காரரும் கலந்து வாழும் இவ்விடத்தில், ஒருவருடைய பண்டிகைக்கு மற்றவர் பொறுப்பேற்க முடியும். ஆகவே, தென்மேற்குப் பருவமழையில் அறைகள் காலியாகக் கிடக்கும் ஜூன் மாதத்திலேயே விடுப்புப் பட்டியலைச் சிப்பந்திகளே கூடித் தயாரிக்கட்டும். ஒருமுறை சுவரில் ஒட்டியபின், எவ்வளவு பெரிய விருந்தினர் வந்தாலும் முதலாளி அதைத் திருத்தலாகாது. பொங்கலுக்குப் போகும் சமையற்காரரின் இடத்தில் நிற்க வேண்டிய வங்காளி இளைஞர், முன்னதாகவே சாம்பார் வைக்கப் பழகிக்கொள்வதால், தொழிற்பயிற்சியும் அதனுள்ளேயே நடந்துவிடும்.

கப்பல் பிரயாணம் ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும். காற்றும் மழையும் மிகுந்தால் புறப்பாடே தள்ளிப்போகும். கரையிறங்கிய நாளிலிருந்தே விடுப்பைக் கணக்கிடுவதும், கப்பல் தாமதத்துக்காகச் சம்பளம் பிடிக்காதிருப்பதும் அதிகச் செலவில்லாத தர்மங்கள்.

குடும்பத்துக்கு இடந்தராத வேலையில் எவரும் வேரூன்றுவதில்லை. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய அகதிகள் நிலம்பெற்றுக் குடும்பத்தோடு இங்கே ஊன்றினார்கள்; 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழரில் சிலரும் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் குடும்பங்களாகவே வந்து சேர்ந்தார்கள். நிலம் தர இயலாத சிறு முதலாளியும், வாடகை வீட்டுக்கு ஜாமீன் நிற்கலாம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் தகப்பனுக்கு அரைநாள் ஓய்வு தரலாம்.

ஹிந்தி இங்கே பொது மொழி. உத்தரவுகளுக்கு அது போதும். மனக்குறையை மட்டும் அவரவர் தாய்மொழியில் சொல்ல இடந்தர வேண்டும். ஒவ்வொரு பாஷைக்கும் அனுபவமுள்ள சிப்பந்தி ஒருவரை உடனழைத்துக்கொண்டு கேட்டபோது, அதுவரை வெளிவராத குறைகள் சிறிதாயிருக்கையிலேயே என் காதுக்கு எட்டின.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் விலக விரும்பினால், பாக்கிச் சம்பளத்தையும் நற்சான்றையும் தாமதமின்றித் தந்து முகமலர்ச்சியோடு அனுப்ப வேண்டும். அவர் தம்பியோ அண்டை வீட்டுப் பிள்ளையோ பின்னர் வேலை கேட்டு வரக்கூடும். எங்கள் விடுதிக்குக் கிடைத்த சிறந்த சமையற்காரர்களில் பலர் அவ்விதம் வந்தவர்களே.