குளித்தும் வரும் அக்குள் கட்டி

கேள்வி: தினமும் இரண்டு வேளை குளித்தும் அக்குளில் கட்டி வந்து உடைகிறது. சுத்தக் குறைவா?

பதில்: இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, சீழ் வடிந்து, தழும்பு விட்டுப்போனால் அது ‘ஹைட்ராடெனைடிஸ் சப்புரேட்டிவா’வாக இருக்கலாம். முடியின் வேர்ப்பை அடைபட்டுத் தோலுக்கடியில் வெடிக்க, உடலின் எதிர்ப்புச் சக்தியே அங்கே அழற்சியை மூட்டிவிடுகிறது. ‘ஆன்டிபயாடிக்கில் அடங்குகிறதே, அப்படியானால் கிருமிதானே?’ என்பீர்கள். டாக்சிசைக்ளின் போன்றவை அழற்சியையும் தணிப்பவை. வெறும் கிருமிதான் காரணமென்றால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி நோயை முற்றவிட்டிருக்க வேண்டும். மாறாக, 2015இல் அமெரிக்காவில் இந்நோய்க்கே அது அனுமதி பெற்றது. ஆகவே அழுத்தித் தேய்க்காதீர்கள், பிதுக்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள். தழும்பு ஏறுமுன் தோல் மருத்துவரைப் பாருங்கள். உள்ளே புரையோடிவிட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.