சாவி யார் கையில்? – சிறுதொழில் செய்வோருக்கான கடவுச்சொல் பாதுகாப்பும் தொழில்நுட்ப உதவியும்

புதிய வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது பூட்டை மாற்றுவதுதான். வீடு கட்டியவரிடம் ஒரு சாவி இருந்திருக்கும், மின்னிணைப்பு வேலை செய்தவரிடம் இன்னொன்று இருந்திருக்கும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் நம் வீட்டுச் சாவி நம்மிடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

நமது தொழிலுக்கும் இன்று அப்படிப்பட்ட சாவிகள் இருக்கின்றன. கூகுள் மின்னஞ்சல், பேஸ்புக் பக்கம், வட்ஸ்அப், வங்கிச் செயலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் அல்லது இரகசிய இலக்கம் உண்டு. அவற்றை உருவாக்கித் தந்தவர் யார்? இப்போது அவை யாரிடம் இருக்கின்றன? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. அதன் பின்னர் தொழிலை மறுபடி தொடங்கும் பலருக்கு இந்தக் கேள்விகள் அவசரமானவை. தையல், பலசரக்கு, தேயிலைப் பொட்டலம், பலகாரம், முச்சக்கர வண்டி என எந்தத் தொழில் செய்பவரானாலும் இப்பாடம் உங்களுக்கானது.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை:
– நல்ல கடவுச்சொல் ஒன்றை அமைப்பது எப்படி
– தொலைபேசி தொலைந்தாலும் கணக்கை மீட்பது எப்படி
– தொழில்நுட்ப உதவி பெறும்போது எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

1. ஓர் உதாரணம்

கலஹாவில் லயத்து அறையொன்றில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். மூன்று வருடங்களுக்கு முன்னர் புதிய போன் வாங்கியபோது, நகரிலுள்ள கொமினிகேஷன் கடைத் தம்பி எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். அக்காவிடம் அன்று சிம்மில் சிக்னல் இல்லை. ஆகவே மின்னஞ்சல் கணக்குக்குத் தன் தொலைபேசி இலக்கத்தையே தம்பி கொடுத்தார். கடவுச்சொல்லாக அக்காவின் மகளின் பெயரையும் பிறந்த வருடத்தையும் போட்டார். அந்த மின்னஞ்சலை வைத்தே பேஸ்புக் பக்கத்தையும் திறந்தார். உதவி செய்யும் எண்ணம் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

மண்சரிவில் அறையோடு போனும் போய்விட்டது. அக்கா தேசிய அடையாள அட்டையைக் காட்டி அதே இலக்கத்துக்குப் புதிய சிம் எடுத்தார். சிம் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்ததால் வட்ஸ்அப் அன்றைக்கே திரும்பி வந்தது. மின்னஞ்சல் வரவில்லை. மகளின் பெயரில் ஓர் எழுத்தை எப்படி எழுதினார்கள் என்பது நினைவில் இல்லை. “கடவுச்சொல் மறந்துவிட்டது” என்று அழுத்தினால், மீட்புக் குறியீடு தம்பியின் பழைய இலக்கத்துக்குப் போகிறது. தம்பியோ கொழும்புக்கு வேலைக்குப் போய் இலக்கத்தையும் மாற்றிவிட்டார்.

வாடிக்கையாளரின் அளவுகள், தைத்த சட்டைகளின் படங்கள், பக்கத்தில் சேர்ந்திருந்த அத்தனை பேர், எல்லாம் அப்படியே இருக்கின்றன. அக்காவால்தான் உள்ளே போக முடியவில்லை. இங்கே எவரும் திருடவில்லை, எவரும் ஏமாற்றவுமில்லை. கணக்கின் சாவி தொடக்கம் முதலே அவர் கையில் இருக்கவில்லை என்பதே பிரச்சினை.

2. நல்ல கடவுச்சொல்

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று முன்னர் சொல்லித்தந்தார்கள். அமெரிக்காவின் தேசிய தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலோடு பரவிய பழக்கம் அது. அதே நிறுவனம் 2017இல் அதை மாற்றிக்கொண்டது. கட்டாயப்படுத்தி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே நீளமான கடவுச்சொல்லே மேல். அது வெளியே கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும்.

ஏன் நீளம்? நான்கு இலக்க இரகசிய எண் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகள்தான். ஆறு இலக்கம் என்றால் 10 இலட்சம். இனி, 2,000 சாதாரணச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நான்கு சொற்களைப் பொறுக்கினால், வாய்ப்புகள் 16 இலட்சம் கோடியாகின்றன. நினைவில் வைத்திருப்பதும் எளிது.

செய்யும் முறை: பழைய பத்திரிகை ஒன்றை எடுங்கள். பார்க்காமல் நான்கு இடங்களில் விரலை வையுங்கள். குடை, ஏலக்காய், படிக்கட்டு, சங்கிலி என்று வந்தால், அவற்றை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். (இங்கே அச்சிட்டிருப்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடையதை நீங்களே தெரிவு செய்யுங்கள்.) பிள்ளையின் பெயர், பிறந்த வருடம், தோட்டத்தின் பெயர், வண்டி இலக்கம் ஆகியவை வேண்டாம். உங்களைத் தெரிந்த எவரும் முதலில் முயற்சி செய்வது அவற்றைத்தான்.

ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள். எங்கோ ஓர் இணையக் கடையிலிருந்து உங்கள் கடவுச்சொல் கசிந்தால், திருடர்கள் அதையே உங்கள் மின்னஞ்சலிலும் பேஸ்புக்கிலும் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வைப்பது சிரமம் என்றால், மின்னஞ்சலுக்கும் வங்கிக்குமாவது தனித்தனியே வையுங்கள். மற்றக் கணக்குகளின் மீட்புக் குறியீடு பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருகிறது. எனவே மின்னஞ்சலே வீட்டின் முன்கதவு.

கொப்பியில் எழுதி வைக்கலாமா? வைக்கலாம். எங்கோ தூரத்தில் இருக்கும் திருடனுக்கு உங்கள் கொப்பி எட்டாது. ஆனால் போன் உறையின் பின்னாலோ கடை மேசையிலோ வேண்டாம். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். ஓரளவு பழகியவர்கள் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலியைப் பயன்படுத்தலாம். கூகுள் கணக்கிலேயே அந்த வசதி இருக்கிறது. பிட்வார்டன் போன்ற இலவசச் செயலிகளும் உண்டு.

3. இரண்டாவது பூட்டு

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பதே இருபடிச் சரிபார்ப்பு. கூகுள், பேஸ்புக், வட்ஸ்அப் மூன்றிலும் அது உண்டு. அமைப்புகள் பகுதியில் அதை இயக்கிவிடுங்கள். வட்ஸ்அப்பில் அது ஆறு இலக்க இரகசிய எண்ணாக இருக்கும்.

போன் தொலைந்தால் என்ன செய்வது? கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியவர்கள் பத்து மாற்றுக் குறியீடுகளைப் பெறலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். அவற்றைத் தாளில் எழுதி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் வைக்கும் அதே நீர்புகாப் பையில் வையுங்கள். மழை எச்சரிக்கை வரும்போது நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடும் பை அதுதானே. இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் மூடிய உறையில் கொடுத்து வைக்கலாம்.

இப்போது ஒரு தொலைபேசி அழைப்பைக் கவனியுங்கள்:

“அக்கா, நிவாரணப் பட்டியல்ல உங்க பேர் வந்திருக்கு. இப்ப போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும். அத மட்டும் சொல்லுங்க, பதிஞ்சிடுறேன்.”

அழைப்பவர் உங்கள் இலக்கத்தைப் போட்டுத் தன் போனில் வட்ஸ்அப்பைத் திறக்க முயல்கிறார். அதற்கான குறியீடு உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. அதைச் சொன்ன அந்த நொடியே உங்கள் வட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளரிடமும் சொந்தக்காரரிடமும் “அவசரமாக ஐயாயிரம் ரூபாய் அனுப்புங்கள்” என்று கேட்பார்.

எமது உத்தியோகத்தர்களோ கிராம உத்தியோகத்தரோ பிரதேச செயலகமோ வங்கியோ இந்தக் குறியீட்டைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கேட்பவர் யாரென்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். தவறிக் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே வட்ஸ்அப்பில் உங்கள் இலக்கத்தை மறுபடி பதியுங்கள். உங்களுக்கு வரும் புதிய குறியீட்டை இட்டதும் அவர் வெளியேற்றப்படுவார். அவர் இரகசிய எண் ஒன்றைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாட்கள் பொறுக்க வேண்டும். அந்த நாட்களில் அவராலும் அதைப் பயன்படுத்த முடியாது. எல்லோருக்கும் தொலைபேசியில் அழைத்து விடயத்தைச் சொல்லுங்கள்.

4. உதவி பெறுவதும் சாவியை வைத்திருப்பதும்

எல்லாவற்றையும் தானே கற்றுச் செய்ய எல்லோருக்கும் நேரம் இல்லை. பெரிய நிறுவனங்கள் மாதக் கட்டணத்தில் ஒருவரிடம் கணினிப் பராமரிப்பை ஒப்படைக்கின்றன. பழுதான பிறகு ஓடித்திரிவதை விட, பழுதாகாமல் பார்த்துக்கொள்வது அந்த ஏற்பாட்டின் நோக்கம். சிறு தொழில்களுக்கும் அது பொருந்தும். ஒருவருக்குக் கட்டணம் பாரமென்றால், ஒரே இடத்தில் குடியேறிய நான்கைந்து தொழில்காரர் சேர்ந்து, நன்றாகத் தெரிந்த ஒருவரை மாதம் ஒரு தடவை வரவழைக்கலாம்.

பராமரிப்பு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரச மின்னஞ்சல் முறைமை தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகைத் தாக்குதல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதிய பதிப்புக்கு மாறுவது தள்ளிப்போயிருந்தது. அந்தக் காலத்துக்குரிய பிரதி, வலையமைப்புக்கு வெளியே தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் நமது சிறிய கடைக்கும் அந்த இரண்டு பாடங்களும் தேவை. மென்பொருளை அவ்வப்போது அப்டேட் செய்ய வேண்டும். முக்கியமானவற்றின் பிரதியை இன்னோர் இடத்தில் வைக்க வேண்டும்.

உதவி செய்பவரோடு முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டியவை:

– எல்லாக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் சிம் இலக்கத்தில் இருக்க வேண்டும். சிம்மும் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும்.
– கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். அவர் அந்த நேரம் வேறு பக்கம் பார்க்கட்டும். நல்ல உதவியாளர் இதற்குக் கோபிக்க மாட்டார்.
– பேஸ்புக் பக்கத்தை அவர் நடத்த வேண்டுமானால், உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் பக்கத்துக்குள் அவரைத் தனியாகச் சேர்க்கலாம். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.
– தூரத்திலிருந்து உங்கள் திரையைப் பார்க்கும் எனிடெஸ்க் போன்ற செயலிகளை, நீங்கள் அழைத்த ஆளுக்கு மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறவுங்கள். தானாக அழைத்து “உங்கள் போனில் வைரஸ்” என்பவருக்குத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் வங்கிச் செயலியைத் தொடவும் வேண்டாம்.
– கணக்குக் கொப்பியின் படங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மாதம் ஒரு தடவை இன்னோர் இடத்தில் பிரதி எடுத்துத் தர வேண்டும்.
– ஏற்பாடு முடியும் நாளில் எவற்றைத் திருப்பித் தருவார், எந்தக் கணக்கிலிருந்து விலகுவார் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவை உங்களை நம்பித் தரப்பட்டவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தகவல்களைக் காப்பதற்காகவே இயற்றப்பட்டது. அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் அல்லது கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். உங்கள் கணக்கு பறிபோனால் இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பணம் போயிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். அட்டையின் பின்புறம் உள்ள இலக்கமே சரியானது. குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தை நம்பாதீர்கள்.

5. பயிற்சி

இந்த வாரத்துக்குள் நான்கு வேலைகள்:

1. உங்கள் தொழிலுக்குரிய கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மீட்புத் தொலைபேசி இலக்கம் யாருடையது என்று குறியுங்கள்.
2. உங்களுடையது அல்லாத இலக்கம் இருந்தால், இன்றே மாற்றுங்கள். அந்தப் பழைய இலக்கத்துக்குரியவரை இப்போது தொடர்புகொள்ள முடிகிறதென்றால், அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்காதீர்கள்.
3. மின்னஞ்சலுக்கு நான்கு சொற்கள் கொண்ட புதிய கடவுச்சொல்லை வைத்து, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.
4. மாற்றுக் குறியீடுகளை எழுதி ஆவணப் பைக்குள் வையுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போனையும் அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டித் தருவோம். கடவுச்சொல்லைத் தட்டும்போது நாங்களும் மறுபக்கம் திரும்பிக்கொள்வோம்.